விழு: ஓர் எளிய வினைச்சொல்லின் பொருளும் பயன்பாடும்

(தென்காசி மாவட்டத் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட பயிற்சி நாளில், குற்றாலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வரும் அழைப்புகளில் நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். “குத்தாலத்துல தண்ணி விழுதா?” நாமும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். “ஐந்தருவியில நல்லா விழுது. மெயின் அருவியில கூட்டம் ஜாஸ்தி. சாரலும் இருக்கு, வாங்க.” இந்த உரையாடலில் யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. கேட்டவருக்கும் புரிந்தது, சொன்னவருக்கும் புரிந்தது.

அந்தக் கேள்வியில் இருக்கிற ‘விழு’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இத்தனை ஆசிரியர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு இரண்டெழுத்துச் சொல்லுக்கு ஓர் உரையா என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நாம் சொற்பொருள் கற்பிக்கும்போது கடினமான சொற்களையே தேடிப் போகிறோம். பாடத்தின் முடிவில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல். அதில் இருக்கும் சொல்லை மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பார். பட்டியலில் இடம்பெறாத ‘விழு’, ‘போடு’, ‘எடு’, ‘விடு’, ‘படு’ போன்ற சொற்களை ஒரு நாளைக்கு நூறு முறை சந்திப்பார். அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான். எளிய சொல்லுக்குத்தான் இருபது பொருள். வாசிப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பல நேரங்களில் தெரியாத சொல்லால் தடுமாறுவதில்லை. தெரிந்த சொல் தெரியாத இடத்தில் வந்து நிற்கும்போது தடுமாறுகிறார்கள்.

எத்தனை விதமாக விழுகிறது?

ஐந்தாம் வகுப்பில் ‘விழு’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். “மேலே இருந்து கீழே வர்றது” என்பார்கள். சரியான விடைதான். இப்போது இந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். 

மரத்திலிருந்து தேங்காய் விழுந்தது. சட்டையில் ஓட்டை விழுந்தது. அம்மா கூப்பிட்டது என் காதில் விழவில்லை. அக்காவுக்குச் சீட்டு விழுந்தது. நான்கு விக்கெட் விழுந்துவிட்டது. 

முதல் வாக்கியத்துக்கு மட்டும்தான் பிள்ளைகள் சொன்ன பொருள் பொருந்துகிறது. ஓட்டை எந்த உயரத்திலிருந்து விழுந்தது? சீட்டு எங்கே விழுந்தது?

இந்தச் சொல்லின் பயன்பாடுகளை ஐந்து கூடைகளில் பிரித்துப் போடலாம்.

முதல் கூடை, உண்மையாகவே கீழே வருவது. தண்ணீர், தேங்காய், பால்பல், இடி, வழுக்கிய ஆள். 

இரண்டாவது, ஒன்றின் மேல் வந்து படுவது. சுவரில் நிழல் விழுகிறது, முகத்தில் வெளிச்சம் விழுகிறது, காதில் பேச்சு விழுகிறது, முதுகில் அடி விழுகிறது. கண்ணுக்குத் தெரியாதவையும் இப்படி விழும். ஒருவர்மேல் பழி விழுகிறது, மூத்த மகன் தலையில் குடும்பப் பொறுப்பு விழுகிறது. 

மூன்றாவது, இல்லாத ஒன்று புதிதாக உண்டாவது. ஓட்டை, கீறல், மடிப்பு, முடிச்சு, சாலையில் பள்ளம், தலையில் வழுக்கை, முகத்தில் சுருக்கம். இவை எங்கிருந்தும் வரவில்லை. இருந்த இடத்திலேயே தோன்றின. 

நான்காவது, நம் கையில் இல்லாத ஒன்று நமக்கு அமைவது. தாயக்கட்டையில் தாயம் விழுகிறது, சுண்டிய காசில் பூ விழுகிறது, பரிசுச்சீட்டில் பரிசு விழுகிறது, வேட்பாளருக்கு ஓட்டு விழுகிறது. 

ஐந்தாவது, நிலை தாழ்வது. விலை விழுகிறது, விக்கெட் விழுகிறது, நோயில் ஒருவர் படுக்கையில் விழுகிறார்.

இவை தவிர இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் விழுதலும் உண்டு. விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழுந்து விழுந்து படித்தான். மாமா வீட்டில் எங்களை விழுந்து விழுந்து கவனித்தார்கள். கோபத்தில் எரிந்து விழுந்தார். இங்கே யாரும் கீழே விழவில்லை. செயலின் அளவையும் வேகத்தையும்தான் ‘விழு’ காட்டுகிறது.

இதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் பேசுகிறார்கள். ஆகவே இந்தப் பொருள்களை நாம் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இருப்பதை அவர்களே எடுத்துப் பார்க்கும்படி செய்தால் போதும். 1992-இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இந்த வேலைக்கு நல்ல துணை. இன்றைய எழுத்திலும் பேச்சிலும் ஒரு சொல் எப்படி வழங்குகிறது என்பதைப் பொருள்வாரியாகப் பிரித்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அது தருகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பழைய பொருள்களைக் காட்டும். பள்ளி நூலகத்தில் இரண்டும் இருந்தால் மாணவரை ஒரு சொல்லுக்கு இரண்டையும் புரட்டச் சொல்லலாம்.

எது விழாது?

ஒரு வினைச்சொல் எதனோடு சேரும் என்று கற்பிப்பது பாதி வேலை. எதனோடு சேராது என்பது மீதிப் பாதி. 

மழை பெய்யும். மழை விழுகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் தூறல் விழும், துளி விழும். மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கச் சொல்லி அம்மா குரல் கொடுக்கும்போது “தூத்தல் விழுது” என்பார். ஒன்றிரண்டாக எண்ணிச் சொல்லக்கூடியது விழுகிறது, எண்ண முடியாமல் பொழிவது பெய்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பூ விழும், உதிரவும் செய்யும். ஆனால் தேங்காய் உதிராது. சுவர் விழும், இடியும், சரியும், சாயும். நான்குக்கும் நான்கு படம் வரையலாம்.

நம் பேரருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் நிறைந்து, பொங்கி, அதன் விளிம்பில் வழிந்து, மறுபடியும் கீழே கொட்டுகிறது. பிறகு சிற்றாறாக ஓடி, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. விழு, நிறை, பொங்கு, வழி, கொட்டு, ஓடு, கல என்று ஒரே தண்ணீருக்கு ஏழு வினைகள். குற்றாலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ‘அழகாக இருந்தது’ என்று நான்கு முறை எழுதுகிறார்கள். அந்த ஏழு வினைகளைக் கையில் கொடுத்துவிட்டால் கட்டுரையின் முகமே மாறிவிடும்.

எது விழும், எது விழாது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஆங்கிலத்தில் பிறந்தநாள் ஒரு கிழமையில் ‘விழும்’. தமிழில் பிறந்தநாள் திங்கட்கிழமை ‘வரும்’. ஸ்பானிய மொழியில் விழுதலுக்கு ‘கயேர்’ என்பார்கள். அவர்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் ‘எனக்கு நன்றாக விழுகிறார்’ என்று பொருள்படும்படி சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் சட்டையில் ஓட்டை ‘விழுவது’ அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்தது, ஓட்டு விழுந்தது என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் பிள்ளை விழுதலுக்கான ஆங்கில வினையை அப்படியே போட்டு எழுதும். அது கவனக்குறைவு அல்ல, தமிழ் அறிவு. “நம் மொழியில் ஓட்டை விழும். அந்த மொழியில் விழாது, உண்டாகும்” என்று ஒருமுறை ஒப்பிட்டுக் காட்டினால் போதும்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல. நாம் அருவி என்று சொல்வதை அவர்கள் ‘வெள்ளச்சாட்டம்’ என்கிறார்கள். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். சாட்டம் என்றால் குதிப்பு. மலைக்கு இந்தப் பக்கம் விழுகிற தண்ணீர் அந்தப் பக்கம் குதிக்கிறது. ‘அருவி’ என்ற சொல் மலையாளத்தில் சிற்றோடையைக் குறிக்கிறது. ஆரியங்காவுப் பக்கத்துப் பாலருவிக்குப் போய்வந்த மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால் இந்த உரையாடலை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

விழு, வீழ், விழுப்புண்

பழந்தமிழில் இதே வினைக்கு ‘வீழ்’ என்ற வடிவமும் உண்டு. இன்றைய தமிழில் அது பெரிய வீழ்ச்சிகளுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. பேரரசு வீழ்ந்தது, விலை வீழ்ச்சி, எழுச்சியும் வீழ்ச்சியும் என்கிறோம். தேங்காய் வீழ்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ‘நீர்வீழ்ச்சி’ என்ற சொல் பலர் காதுக்கு ஒட்டாமல் இருக்கிறது. அது ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தது. நமக்கு ‘அருவி’ சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி என்று நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் அப்படித்தான் அழைக்கின்றன. மாணவர் நீர்வீழ்ச்சி என்று எழுதினால் தவறு போட வேண்டாம். பக்கத்தில் ‘அருவி’ என்று எழுதிக் காட்டுங்கள்.

பழைய ‘வீழ்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: விரும்புதல். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘வீழ்வார்’ என்று வந்தால் விரும்பப்படுபவர், காதலர் என்று பொருள். இதை அறியாமல் ‘விழுந்தவர்’ என்று பொருள் கொண்டால் குறளே புரியாது. ‘காதலில் விழுந்தான்’ என்ற திரைப்படத் தமிழ் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் விழுதலுக்கும் விரும்புதலுக்கும் ஒரே வடிவச் சொல் நம்மிடம் முன்பே இருந்திருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து ஒரு பொறி. ‘விழுப்புண்’ என்ற சொல்லுக்கு எத்தனை மாணவர்கள் ‘விழுந்ததால் ஏற்பட்ட புண்’ என்று எழுதியிருக்கிறார்கள்! அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒலி ஒன்றுதானே. ஆனால் அந்த ‘விழு’ வேறு சொல். சிறந்த, மேன்மையான என்று பொருள். விழுமியம், விழுப்பம், விழுப்பொருள் எல்லாம் அந்தக் குடும்பம். போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்ட பெருமைக்குரிய புண்தான் விழுப்புண். அதேபோல நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சாரல் விழாவிலும் ‘விழு’ இல்லை. ஆனால் இலக்கணம் நடத்தும்போது சிரிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. ‘காய்கள் விழா’ என்றால் காய்கள் விழமாட்டா என்று எதிர்மறைப் பொருள் தரும். சாரல் விழாவில் சாரல் விழுமா விழாதா என்று கேளுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. நம் பேச்சில் ‘விழுந்தான்’ என்பதன் ‘வி’ உதடு குவிந்து ‘உ’ போல ஒலிக்கிறது. ழகரமும் ளகரமாகிவிடுகிறது. ஆகவே குழந்தை ‘தம்பி கீழே உளுந்தான்’ என்று எழுதும். கேட்டதை அப்படியே எழுதுகிற காது அது. உளுந்து இட்லிக்குப் போடுவது, விழுந்து என்பது எழுத்தில் இப்படி வரும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

விழுந்ததும் போட்டதும்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

‘விழு’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதன் மறுபக்கமாக இலக்கண நூலில் வீழ்த்து என்று எழுதுவோம். ஆனால் அன்றாடத் தமிழில் ‘விழு’வின் இணை வேறொரு சொல். அது ‘போடு’. இந்த இணைகளைப் பாருங்கள்.

பென்சிலைக் கீழே போட்டான் – பென்சில் கீழே விழுந்தது.
ஓட்டுப் போட்டார்கள் – ஓட்டு விழுந்தது.
முடிச்சுப் போட்டாள் – முடிச்சு விழுந்தது.
ஓட்டை போட்டான் – ஓட்டை விழுந்தது.
கடைக்குப் பூட்டுப் போட்டார்கள் – கடைக்குப் பூட்டு விழுந்தது.
கழுத்தில் மாலை போட்டார்கள் – கழுத்தில் மாலை விழுந்தது.
அடி போட்டார் – அடி விழுந்தது.

எல்லா ‘போடு’வுக்கும் ‘விழு’ கிடையாது. கோலம் போடுவார்கள், கோலம் விழாது. சோறு போடுவார்கள், சட்டை போடுவார்கள், அவையும் இப்படி விழுவதில்லை. எல்லா ‘விழு’வுக்கும் ‘போடு’ கிடையாது. வழுக்கையை யாரும் போடுவதில்லை. எங்கே இணை உண்டு, எங்கே இல்லை என்று பிள்ளைகள் தேடுவதே நல்ல மொழிப் பயிற்சி.

இணை உள்ள இடங்களில் என்ன நடக்கிறது? ‘போட்டார்கள்’ என்ற வாக்கியத்தில் ஆள் இருக்கிறார். ‘விழுந்தது’ என்ற வாக்கியத்தில் ஆள் இல்லை. நடந்தது அதே நிகழ்ச்சிதான். ஆனால் செய்தவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிட்டார். 

இதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். “டீச்சர், பென்சிலைக் கீழே போட்டேன்” என்று எந்தக் குழந்தை சொல்கிறது? “டீச்சர், பென்சில் விழுந்திருச்சு” என்றுதான் சொல்லும். உடனே நாம் “தானா எப்படி விழும்?” என்று கேட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். வேண்டுமென்று போடுவதும் கைதவறிப் போவதும் ஒன்றல்ல என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். அதைச் சொல்ல அதற்குச் சொல் வேண்டும். ஸ்பானிய மொழியில் இதற்கென்றே ஒரு வாக்கிய அமைப்பு இருக்கிறது. குவளை கைதவறினால் ‘செ மே கயோ’ என்பார்கள். விழுந்தது குவளைதான், ஆனால் ‘எனக்கு’ என்ற சொல் வாக்கியத்துக்குள் இருக்கிறது. தமிழிலும் அதற்கு வழி உண்டு. ‘என் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது’. ‘கைதவறிப் போட்டுவிட்டேன்’. இங்கே ‘விடு’ என்ற துணைவினை, நான் நினைத்துச் செய்யவில்லை என்பதையும் வருத்தத்தையும் சேர்த்தே சொல்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லத் தெரிந்த குழந்தை பொய் சொல்லவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். உண்மையை அதன் சரியான அளவில் சொல்லிவிடும்.

மற்றப் பாடங்களிலும்

இது தமிழாசிரியரின் வேலை மட்டும் என்று எண்ண வேண்டாம். அறிவியல் வகுப்பில் ‘தடையின்றித் தானே விழும் பொருள்’ என்று நடத்துகிறோம். ‘தானே’ என்ற சொல்லைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டால் புவியீர்ப்பு விசை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். விழுந்தது என்ற வாக்கியத்தில் காணாமல் போன செயலியைத் தேடுவதுதான் அங்கே பாடம். ஒளி கண்ணாடியில் விழுகிறது என்று பேச்சில் சொல்கிறோம். பாடநூல் அதைப் படுகதிர், படுகோணம் என்கிறது. ‘விழு’வும் ‘படு’வும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன என்று சொல்லிவிட்டால் கலைச்சொல் பயமுறுத்தாது.

சமூக அறிவியலில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801-இல் வீழ்ந்தது என்று எழுதுகிறோம். பெர்லின் சுவர் 1989-இல் வீழ்ந்தது என்று எழுதுகிறோம். கோட்டை தானாக வீழவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை பீரங்கிகளால் தகர்த்துக் கைப்பற்றி, பிறகு தரைமட்டமாக்கியது. பெர்லின் சுவரும் தானாக வீழவில்லை. எல்லை திறக்கப்பட்டதும் மக்கள் சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்தார்கள். வினை ஒன்றுதான். ஒன்றில் மறைந்திருப்பது ஆக்கிரமித்தவரின் கை, மற்றதில் மறைந்திருப்பது விடுதலை வேண்டியவரின் கை. 

மாணவருக்கு மூன்று படிகளாக எழுதிக் காட்டுங்கள். கோட்டை வீழ்ந்தது: செய்தவர் இல்லை. கோட்டை வீழ்த்தப்பட்டது: செய்தவர் உண்டு, பெயர் இல்லை. கம்பெனிப் படை கோட்டையை வீழ்த்தியது: செய்தவர் பெயரோடு நிற்கிறார். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று மதிப்பெண்ணுக்காக நடத்தும் இலக்கணம் இதற்காகத்தான் இருக்கிறது. ‘விழப்பட்டது’ என்று ஏன் எழுத முடியாது என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

செய்தித்தாளிலும் இதைக் காணலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்தார்கள். நாம் எல்லோரும் கலங்கிப்போன நாள் அது. ‘சுவர் விழுந்தது’ என்பது இலக்கணப்படி முழுமையான வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, கேள்வி கேட்க அதில் இடமே இல்லை. ஆனால் சுவருக்கு வயது உண்டு, அடித்தளம் உண்டு, அதைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கண்கள் உண்டு. இலக்கணம் முடித்துவிட்ட இடத்தில்தான் அன்று கேள்விகள் தொடங்கின. அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களின் உறுதியை ஆய்வு செய்தார்கள். ‘ஏன் விழுந்தது, யார் பார்த்திருக்க வேண்டும்’ என்று கேட்கத் தெரிவது மொழிப் பயிற்சியின் பயன்களில் ஒன்று.

“அடி விழும்!”

இப்போது நம் வகுப்பறைக்குள் வருவோம். நம் ஊரில் மிகப் பழகிய ஒரு வாக்கியம் உண்டு. “பேசினா அடி விழும்.” 

இதை ‘விழு’வின் இலக்கணத்தோடு பாருங்கள். அடி மழை போல வானத்திலிருந்து வருகிறது. அடிப்பவர் வாக்கியத்தில் இல்லை. ‘நான் உன்னை அடிப்பேன்’ என்று சொல்ல நமக்கு நா கூசும். ‘அடி விழும்’ என்பது எளிதாக வந்துவிடுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. கை ஓங்காத ஆசிரியர் வாயிலும் இந்த வாக்கியம் தங்கியிருக்கிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை, அடி என்பது செய்யப்படுவதல்ல, நிகழ்வது என்று கற்றுக்கொள்கிறது. நாளை அதுவே “சும்மா விளையாடிட்டு இருந்தோம் சார், அவனுக்கு அடி விழுந்திருச்சு” என்று நம்மிடம் வந்து நிற்கும். 

வினைச்சொல்லில் கவனமாக இருப்பது, நாம் யார் என்பதிலும் கவனமாக இருப்பதுதான்.

வகுப்பில் செய்ய மூன்று பணிகள்

1 முதல் 3-ஆம் வகுப்பு வரை: ‘எது விழும்?’ என்று ஒரு விளையாட்டு. ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். இலை, மழை, நிழல், பல், சூரியன், சத்தம். விழும் என்றால் குழந்தைகள் உட்கார வேண்டும், விழாது என்றால் நிற்க வேண்டும். மாறுபட்ட விடை வந்தால் அந்தக் குழந்தையை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியம் பொருந்தினால் விடை சரி.

4 முதல் 8-ஆம் வகுப்பு வரை: வீட்டில் ஒரு நாள் முழுவதும் காதில் விழுந்த ‘விழு’ வாக்கியங்களை எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் ஐந்து கூடைகளில் பிரிக்கட்டும். எந்தக் கூடையிலும் அடங்காத வாக்கியம் கட்டாயம் வரும். அதைக் கொண்டுவந்தவரைப் பாராட்டி, ஆறாவது கூடைக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பாட்டியிடமிருந்து வரும் வாக்கியங்கள் தனி அழகாக இருக்கும்.

9-ஆம் வகுப்புக்கு மேல்: ஒரு வாரச் செய்தித்தாள்களிலிருந்து ‘விழுந்தது’, ‘வீழ்ந்தது’, ‘சரிந்தது’ என்று முடியும் தலைப்புகளைத் திரட்டட்டும். ஒவ்வொன்றையும் செய்தவர் தெரியும்படி மாற்றி எழுதட்டும். சிலவற்றை மாற்ற முடியாது. மரத்திலிருந்து இலை விழுவதற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. எதை மாற்ற முடியும், எதை முடியாது, ஏன் என்று பத்து நிமிடம் பேசினால் அது இலக்கண வகுப்பாகவும் இருக்கும், குடிமக்கள் வகுப்பாகவும் இருக்கும்.

இதற்குக் கற்றல் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கரும்பலகையும் பிள்ளைகளின் பேச்சும் போதும். ‘விழு’ முடிந்ததும் ‘எடு’, ‘விடு’, ‘படு’, ‘பிடி’ என்று மாதத்துக்கு ஒரு வினையாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு முடியும்போது பத்து வினைச்சொற்கள் மாணவர் கையில் இருக்கும். அந்தப் பத்தைக் கொண்டு எந்தப் பக்கத்தையும் வாசிக்கலாம்.

நாம் சொல்வதெல்லாம் பிள்ளைகளின் காதில் விழுகிறது. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்பதையும் இதே சொல்தான் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அவர்கள் கேட்கும்படி சொல்வது நம் பங்கு. அவர்கள் சொல்வதை நாம் கேட்பதும் நம் பங்கு.